முதல் இலை யாருக்கு?

பாஸ்குத் திருநாள் முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை. கோழி கூவுமுன்னே சகாயமேரி அடுப்பை மூட்டிவிட்டாள். தவசு காலத்தில் பந்தி போடக் கூடாது என்று நாற்பது நாளும் பொறுத்திருந்தவள். இன்றைக்கு அறுபது இலை.

அந்த அறுபது இலைக்கும் காரணமான மனுஷன் வாசலில் குந்தி, கண்ணாடித் துண்டைப் பார்த்து முகம் வழித்துக்கொண்டிருந்தான். மார்கழியில் காலில் துரு ஆணி குத்தி, ரணஜன்னி கண்டு, தாடை கட்டி, வில்லாக வளைந்து கிடந்த உடம்பு அது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள். "இவரு எழுந்து நடந்தா உன் கோயில் வாசல்ல அறுபது பேருக்குச் சோறு போடறேன், அந்தோணியாரே" என்று அந்தத் தரையில் முட்டி போட்டுச் சொல்லியிருந்தாள் சகாயமேரி. ராயப்பன் எழுந்தான், நடந்தான். இப்போது சோப்பு நுரையோடு எகத்தாளமும் பேசினான்.

"ஏய் மேரி, நான் பொழைச்சதுக்கு அறுபது எலதானா?"

"எழுந்ததுக்கு அறுபது. பலகையைப் புடிச்சி ஒரு நாள் உப்பு வாரு, நூறு போடறேன். பேசாம வழி, தாடை அறுத்துக்கப் போவுது."

ராயப்பன் எழுந்தது அந்தோணியார் செயல். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எட்டு உப்புப் பாத்தியும் கைவிட்டுப் போகாமல் இருந்தது மனுஷர் செயல்.

மரக்காணத்து உப்பளத்தில் தை மாதம்தான் மிதி. பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கல்லாக இறுக்க வேண்டும். இறுகினால் உப்பு வெள்ளையாக வரும்; இறுகாவிட்டால் சேறும் உப்பும் கலந்து வரும். தை முடிவதற்குள் மிதிக்காத பாத்தியை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பேர் பதிந்த ஆளேதான் மிதிக்க வேண்டும், ஆள் மாற்றக் கூடாது என்பதும் அவர் சட்டம். அந்தச் சட்டத்தைச் சாக்காக வைத்துப் பாத்தியைப் பிடுங்க, முதலாளியின் மச்சான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்த அன்று தை கடைசி. பாத்தி போயிருக்கும் என்றுதான் அளத்துக்குப் போனாள். எட்டும் மிதித்துத் தயாராகக் கிடந்தன. நேரே அளத்து வேலையைப் பார்த்துக்கொள்ளும் குப்புசாமி மேஸ்திரியிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார். ஆள் வைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு, சொல்லிக்காட்டாத பெரிய மனுஷன் என்று அவள் முடிவு கட்டினாள்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் சோற்றில் சாமிக்கு மெழுகுவர்த்தி. கஷ்டத்தில் கை கொடுத்த மனுஷருக்கு முதல் இலை. அந்த ஆள் கை நனைத்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். முதல் இலை மேஸ்திரிக்கு என்று சகாயமேரி ஒரு வாரத்துக்கு முன்பே நேரில் போய் அழைத்துவிட்டாள்.

*

சோற்றுக்குச் சொந்தப் பாத்தி உப்புதான் போட வேண்டும் என்று கூடையை எடுத்துக்கொண்டு அளத்துக்கு நடந்தாள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று பக்கத்துப் பாத்திப் பாஞ்சாலை அதற்குள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எல உண்டில்ல, மேரி?"

"உனக்கு ரெண்டு போடச் சொல்லியிருக்கேன். ஒரு எலையில நீ எங்க அடங்குவ?"

"போடி. மொத எல யாருக்கு?"

"மேஸ்திரிக்கு."

பாஞ்சாலையின் பலகை நின்றது. "குப்புசாமி மேஸ்திரிக்கா?"

"பின்ன? அவருதானே ஆள் வச்சி மிதிச்சிக் குடுத்தாரு?"

"எந்த ஆளு? பேரு சொல்லு பாக்கலாம்."

சகாயமேரிக்குப் பேர் தெரியவில்லை. கேட்கவும் தோன்றியதில்லை.

பாஞ்சாலை சுற்றிலும் பார்த்தாள். "நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது. உங்க அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு."

"பண்ணிட்டேன், சொல்லு."

"உன் ஓரகத்திடி. சலேத்து. விடியறதுக்கு முன்ன வருவா, மிதிப்பா, வெளுக்கறப்போ அவ வேலை செய்யற அளத்துக்குப் போயிடுவா. என் கண்ணால பாத்தேன். கேட்டதுக்கு, 'வாயத் தொறந்த, உன்ன இந்தச் சேத்துலயே மிதிச்சிருவேன்'னா."

சகாயமேரி கூடையை வரப்பில் வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினாள். உப்புத் தண்ணீருக்குள் கைவிட்டு மூலையைத் தடவினாள். கருங்கல் மாதிரி இருந்தது. அடுத்த பாத்தியின் மூலையும் அப்படியே.

ஆம்பிளைகள் நடுவில் ஆரம்பித்து வெளியே மிதித்து வருவார்கள். மூலை எப்போதும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். சலேத்து கல்யாணமாகி வந்த புதிதில், "மூலைக்கு மொதல்ல குதிகாலைக் குடு. நடுவு தானா இறுகும்" என்று சொல்லிக் கொடுத்தது சகாயமேரிதான். இந்த ஊரில் அப்படி மிதிக்கிறவர்கள் இரண்டே பேர். இரண்டு மாதமாக இந்த மூலைகளில் பலகை போட்டு வாரியிருக்கிறாள். கடைசி மூன்று பாத்தியில் மட்டும் மூலையில் சேறு வரும். தரை அப்படி என்று விட்டிருந்தாள். மற்ற ஐந்தும் இவ்வளவு இறுக்கமாக இருந்தும் புத்திக்கு எட்டவில்லை.

"இன்னாடி சிலையாட்டம் நிக்கற?" என்றாள் பாஞ்சாலை.

"என் தலையில நானே உப்பைக் கொட்டிக்கணும் போல இருக்குது."

"கொட்டிக்க. ஆனா சோத்துக்கு மிச்சம் வை."

*

வீட்டுக்கு வந்து விஷயத்தை ராயப்பனிடம் சொன்னாள். சலேத்து அவனுடைய தம்பி சின்னப்பனின் பெண்டாட்டி. தம்பி மெட்ராஸ் துறைமுகத்தில் கூலி. மாதம் ஒரு முறை வருவான், அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காமல் போவான். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஐந்து வருஷம்.

ஐந்து வருஷத்துக்குக் காரணம் ஒரு வார்த்தை. கிணற்றடியில் குடம் வைக்கிற சண்டை. சகாயமேரி எல்லாப் பெண்களுக்கும் எதிரில் சலேத்துவைப் பார்த்து, "மலடி" என்று சொல்லிவிட்டாள். சலேத்து குடத்தை எடுத்துக்கொண்டு போனவள்தான்.

"மேஸ்திரியைக் கூப்புட்டாச்சி. இனிமே மாத்த முடியாது" என்றான் ராயப்பன். "சலேத்துக்கு ஒரு தூக்குல சோறு குடுத்தனுப்பு. மனசுக்குள்ள நெனைச்சிக்க. போதும்."

"தூக்குல குடுத்தனுப்பறதா? பிச்சையா?"

"ஏம்மா, யோசிச்சிப் பாரு. ஆள் மாத்தி மிதிச்சது முதலாளி காதுக்குப் போனா எட்டுப் பாத்தியும் போயிடும். அந்த மச்சான்காரன் வாயத் தொறந்து வச்சிக்கினு உக்காந்திருக்கான். மேஸ்திரி ஒருத்தர்தான் நமக்கு. அவரையும் பந்தியில வச்சி அசிங்கப்படுத்துவியா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அளத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இல்லை. பாத்தி போனால் சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் அடுப்பில் என்ன வைப்பது? ஆனாலும் அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"கெட்ட வார்த்தையை ஊருக்கு எதிர்ல சொன்னேன். நல்ல வார்த்தையை மட்டும் அடுப்பங்கரையில சொல்றதா? அது எந்த ஊரு நியாயம்?"

*

சலேத்து வீட்டு வாசலில் நின்றபோது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. நன்றி என்கிற வார்த்தையைப் பூசையில் ஆண்டவருக்குச் சொல்லித்தான் பழக்கம். வீட்டு மனுஷரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? சொன்னால் வேற்று ஆள் மாதிரி இருக்கும்.

"சலேத்து."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. சாம்பல் கையோடு வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்திருந்தாள்.

"எட்டுப் பாத்தி" என்றாள் சகாயமேரி.

சலேத்துவின் முகம் மாறியது. "அந்த வாயாடி பாஞ்சாலையா?"

"யாரா இருந்தா இன்னா? ஏன் மிதிச்ச?"

"மாமா சாவப் பொழைக்கக் கெடந்தாரு. நீ அங்க இருந்த. பாத்தி இங்க கெடந்தது. எனக்குக் கால் இருந்தது, மிதிச்சேன். இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"நான் உன்னை அந்த வார்த்தை சொன்னேன்."

"சொன்ன. மறக்கல. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்." சாம்பலைத் தட்டிவிட்டாள். "மிதிக்கிறப்போ மொத நாள் பூரா உன்னைத் திட்டிக்கினேதான் மிதிச்சேன். அதனாலதான் தரை அப்படி இறுகிச்சி."

சகாயமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அடக்கினாள். "தப்பு என்மேலதான் சலேத்து. மன்னிச்சிக்கன்னு கேக்கறேன். வா. மொத எல உனக்கு."

"சாப்புட வர்றேன். எங்க வேணா உக்கார்றேன். மொத எல வேணாம்க்கா. பாத்தி பேச்சை வெளிய எடுக்காத."

"ஏன்?"

"எடுக்காதன்னா எடுக்காத."

அஞ்சு வருஷக் கூச்சம், ரோஷம், அதுதான் பேசுகிறது என்று சகாயமேரி நினைத்துக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

*

பூசையில் சாமியார் பத்துக் குஷ்டரோகிகள் கதையைச் சொன்னார். பத்துப் பேரும் சொஸ்தமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்து காலில் விழுந்தான். "அந்த ஒம்போது பேரும் கெட்டவங்க இல்ல. வீட்டுக்குப் போற அவசரம். நமக்கும் அந்த அவசரம்தான்" என்றார். சகாயமேரிக்கு அது தனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

பூசை முடிந்து கோயில் வாசல் கொட்டகையில் இலை போட்டார்கள். சோறு, முருங்கைக்காய் சாம்பார், பூசணிக் கூட்டு, சேமியா பாயசம். சாமியார் சோற்றை மந்திரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். வெள்ளைச் சட்டையும் தோளில் மடித்த துண்டுமாகக் குப்புசாமி மேஸ்திரி வந்து, முதல் இலைக்கு எதிரில் செருப்பைக் கழற்றினார்.

சகாயமேரி குறுக்கே போய் நின்றாள்.

"மேஸ்திரி, கோவிச்சிக்காதீங்க. உங்களுக்கு ரெண்டாவது எல."

தூணோரம் நின்ற ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் சலேத்துவைத் தோளைப் பிடித்து முதல் இலையில் உட்கார வைத்தாள். சலேத்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்க்கா, சொல்லாத." சகாயமேரி நிமிர்ந்தாள்.

"அந்தோணியார் வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்லக் கூடாது. எம் புருஷன் உசுரைக் குடுத்தது ஆண்டவர். எங்க பாத்தியைக் காப்பாத்தினது மேஸ்திரின்னு நெனைச்சேன், மொத எலைக்கும் அவரைத்தான் கூப்புட்டேன். அது இல்ல. இதோ, இவ. இருட்டுல வந்து இவ மிதிச்சா. இவளைத்தான் நான் கிணத்தடியில ஊர் பாக்க அந்தப் பேச்சு பேசினேன். அந்தப் பேச்சைக் கேட்டவங்க இங்க பாதிப் பேர் இருக்கீங்க. இதையும் கேட்டுக்கங்க. இவ இல்லேன்னா என் அடுப்புல நெருப்பு இல்ல."

ஒரு கிழவர், "தோத்திரம்" என்றார். பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாஞ்சாலை, "சோத்தைப் போடுங்கடி, பசிக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினாள்.

ராயப்பன் தூணை விட்டு வந்தான். அவனே கரண்டியை வாங்கித் தம்பி பெண்டாட்டி இலையில் சோறு போட்டான். "சாப்புடும்மா" என்றான். ஐந்து வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

மேஸ்திரி உட்காரவில்லை. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

"போவட்டும்" என்றாள் சகாயமேரி. "செய்யாத காரியத்துக்குக் கும்புடு வாங்கினவருக்குக் கோவம் வேறயா?"

சலேத்து சோற்றைப் பிசையாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். காதோடு பேசினாள்.

"கெடுத்துட்டியேக்கா. நான் மிதிச்சது அஞ்சு பாத்திதான்."

"இன்னாடி சொல்ற?"

"ஆறாவது நாளு கிளிஞ்சல் கிழிச்சி, கால் வீங்கிப் படுத்துட்டேன். தை முடிய மூணு நாள். பாத்தி பாதியில நிக்கறதைப் பாத்துட்டு மேஸ்திரி என்னைத் தேடி வந்து வாசல்ல நின்னாரு. மிச்சம் மூணையும் அவரே எறங்கி மிதிச்சாரு, இருட்டுல, வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு. அவருக்கு மிதிக்கவும் தெரியல. 'நான் சேத்துல எறங்கினது தெரிஞ்சா நாளைக்கு எந்த ஆளும் என் பேச்சைக் கேக்க மாட்டான், வெளிய விடாத'ன்னு கையடிச்சி சத்தியம் வாங்கினாரு. முதலாளிக்கு, மாமாவே வந்து எட்டும் மிதிச்சிட்டார்னு எழுதிக் குடுத்ததும் அவருதான்."

கடைசி மூன்று பாத்தியில் மூலைச் சேறு. சகாயமேரிக்கு இப்போது புரிந்தது. ஒருத்திக்கு முதல் இலை போட்டுவிட்டு, இன்னொருவரை எச்சில் இலை மாதிரி எடுத்துப் போட்டிருக்கிறாள், கோயில் வாசலில். அந்த மனுஷனும் எல்லார் எதிரிலும், "நானும்தான் மிதிச்சேன்" என்று சொல்ல முடியாமல் செருப்பை மாட்டியிருக்கிறார்.

"நீ சாப்புடு. நீ கை வைக்காம யாரும் சாப்புட மாட்டாங்க" என்றாள் சலேத்துவிடம். அவள் கை வைத்ததைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினாள்.

*

மேஸ்திரி அளத்துப் பாதையில் பாதி தூரம் போயிருந்தார். மேடும் பள்ளமுமான பாதை; சைக்கிளில் ஏற முடியாமல் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் உப்பு அம்பாரம் கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் சிலர் பலகை போட்டுக்கொண்டிருந்தார்கள். கத்திக் கூப்பிட அவளுக்குத் துணிச்சல் இருந்தது. எதைக் கத்துவது என்றுதான் தெரியவில்லை. கிட்டே ஓடிப்போய் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தாள்.

"மூணு பாத்திங்க" என்றாள் மூச்சு வாங்க.

மேஸ்திரி பலகை போடுகிறவர்கள் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசு."

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. அன்னைக்குக் கும்புட்டப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னான்னு சொல்றது? என் காலைக் காட்டி, வெடிப்பைப் பாருன்னா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபமாக இருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். களைத்துப்போனவர் மாதிரிதான் இருந்தார். "என்னை நீ அசிங்கப்படுத்தினது கூடப் பரவாயில்லம்மா. வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு, மச்சானையும் கூட்டிக்கினு. அறுபது பேரு சாப்புட்டுட்டு அறுபது வாயோட வீட்டுக்குப் போறாங்க. ஆள் மாத்தி மிதிச்சது சாயங்காலத்துக்குள்ள பஜாருக்கு வந்துடும். ராயப்பன்தான் மிதிச்சான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்."

அவள் ஹேண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"உங்க மூணு பாத்தி விஷயம் என் வாயிலேர்ந்து வராதுங்க. என் புருஷன்கிட்ட கூடச் சொல்ல மாட்டேன். ஆனா சலேத்து பேரை எடுத்தது எடுத்ததுதான். முதலாளியே வந்து கேட்டாலும் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"பாத்தி போயிட்டா?"

"வேற அளத்துல போய் நிப்பேன். இனிமே நான் ஒருத்தி இல்லீங்க, சலேத்தோட ரெண்டு பேரு இருக்கோம். நாலு காலுக்கு எங்கயாவது பாத்தி கெடைக்காமப் போயிடாது."

மேஸ்திரி முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "உனக்கு நாலு காலு இருக்குது. எனக்கு? வெள்ளிக்கிழமை அவர் எதிர்ல நான் இன்னான்னு சொல்லி நிப்பேன்?"

தெரிந்த மாதிரி நடிக்க அவளுக்கு வராது.

"தெரியலீங்க" என்றாள். "ஆனா அன்னைக்கு நீங்க தனியா நிக்க மாட்டீங்க. நானும் எம் புருஷனும் வந்து பக்கத்துல நிப்போம். இப்போ வாங்க."

சைக்கிள் ஹேண்டிலை அவள் விடவில்லை. கோயில் பக்கம் திருப்பி, தானே தள்ளத் தொடங்கினாள். நாலு அடி போன பிறகு, பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். வந்தது.